எக்ஸ்சேஞ்சிலிருந்து செயற்கைக்கோள் வரை: செட்டிநாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பல வருஷம் டெலிபோன் லைனில் வேலை பார்த்துவிட்டு, இப்போது டிஷ், ஃபைபர், கேமரா என்று வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். கல்யாணம், படைப்பு, கும்பாபிஷேகம் என்று பூட்டிய வீடுகள் திறக்கும் நாட்களில்தான் எனக்கு வேலை அதிகம். ஏணியில் ஏறி நிற்கும்போது கீழிருந்து கேள்வி வரும். ஸ்க்ரூவை வாயில் கவ்விக்கொண்டு சரியாகப் பதில் சொல்ல முடியாது. அதனால் அடிக்கடி வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைக்கிறேன்.

டிஜிட்டல் டிஜிட்டல்னு சொல்றீங்களே, அப்படி என்னதான் மாறுச்சு? அன்னைக்கும் போன்ல பேசினோம், இன்னைக்கும் பேசுறோம்.

பழைய போனில் உங்கள் குரலின் ஏற்ற இறக்கம் அப்படியே மின்சாரத்தின் ஏற்ற இறக்கமாகி, கம்பி வழியே ஓடும். தூரம் போகப் போகக் குரல் தேயும், நடுவில் சேரும் இரைச்சலும் கூடவே வரும். வழியில் பெருக்கி வைத்துத் தேய்ந்த குரலைப் பெரிதாக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். சென்னைக்குப் பேசும்போது தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் இதனால்தான்.

டிஜிட்டலில் குரலை அளந்து எண்ணாக்கி விடுகிறார்கள். ஒரு நொடிக்கு 8,000 முறை அளவெடுத்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட் (பிட் என்றால் 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்) எண்ணாக எழுதினால் நொடிக்கு 64,000 பிட். உங்கள் ஐயா காலத்துப் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ரங்கூன் கடையிலிருந்து வந்த கணக்கில் மை லேசாகப் பரவியிருந்தாலும் 7 என்பது 7 என்று தெரிந்தால் போதும், புது ஏட்டில் சுத்தமாக எழுதிவிடலாம். பத்துத் தடவை பெயர்த்து எழுதினாலும் கணக்கு மாறாது. அதுவே ஒரு ஓவியத்தைப் பார்த்துப் பார்த்துப் பத்துத் தடவை வரைந்தால் பத்தாவதில் முகமே வேறாகிவிடும். குரல் ஓவியமாகப் போனது அந்தக் காலம், கணக்காகப் போவது இந்தக் காலம். பினாங்கிலிருந்து பேசினாலும் பக்கத்துத் தெருவில் பேசுவது போலக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

எக்ஸ்சேஞ்சுக்குள்ள என்ன நடந்துச்சு? பெரிய பெரிய மிஷின் எல்லாம் இருந்துச்சே.

நான் வேலைக்குச் சேர்ந்த சின்ன எக்ஸ்சேஞ்சில் இருந்தது ஸ்ட்ரோஜர் வகை. 1891-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை. நீங்கள் டயலில் 5 சுழற்றினால் கம்பியில் ஐந்து தடவை மின்சாரம் விட்டு விட்டு வரும். இங்கே ஒரு செலக்டர் கடகடவென்று ஐந்து படி ஏறும். அடுத்த எண்ணுக்கு இன்னொன்று. கல்யாண முகூர்த்த நாளில் அந்த அறைக்குள் நின்றால் நெல் மில்லுக்குள் நிற்பது மாதிரி இருக்கும். ஐப்பசி மழையில் ஈரம் ஏறினால் தொடுமுனைகள் மக்கர் செய்யும். ஒரு வீட்டுக்குச் சுழற்றினால் வேறு வீட்டில் மணி அடிக்கும். ஒரு தடவை ரிலேக்குள் பல்லி மாட்டிக்கொண்டு ஒரு தெருவே ஊமையாகிவிட்டது. தூரிகையும் பாலிஷ் பேப்பரும்தான் அன்றைக்கு எங்கள் ஆயுதம்.

1984-இல் தொடங்கிய சி-டாட் என்ற அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனம்தான் இதை மாற்றியது. அதைத் தொடங்கிய சாம் பிட்ரோடா பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்கள் வடிவமைத்த 128 இணைப்புக் கிராமப்புற எக்ஸ்சேஞ்ச் 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலில் வேலைக்கு வந்தது. வெளிநாட்டு டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகளுக்கு ஏசி அறை வேண்டும். இதற்கு வேண்டாம். நம் ஊர் சித்திரை வெயிலில் மின்விசிறிகூட இல்லாத அறையில் அது ஓடியதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கிராமத்துக்கு எஸ்டிடி (வெளியூருக்கு நேரடியாக டயல் செய்யும் வசதி) வந்ததற்குப் பாதிக் காரணம் அந்த ஏசி தேவையில்லாத வடிவமைப்புதான். 2025 செப்டம்பரில் பிஎஸ்என்எல் தொடங்கிய உள்நாட்டு 4ஜியின் மையப் பகுதியும் அதே சி-டாட் செய்ததுதான்.

இப்ப நாம செல்லுல பேசுறது எல்லாம் சாட்டிலைட் வழியாத்தானே போகுது?

இல்லை. நான் அதிகம் கேட்ட கேள்வி இது. எத்தனை தடவை சொன்னாலும் பாதிப் பேர் நம்புவதில்லை. உங்கள் செல்போன் பேசுவது ஒன்றிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் டவரோடு. அந்த டவரிலிருந்து மண்ணுக்கடியில் போகும் கண்ணாடி இழை வழியாகவோ, டவருக்கு டவர் மைக்ரோவேவ் வழியாகவோ மதுரை, திருச்சி என்று போய்ச் சேர்கிறது. கோலாலம்பூருக்குப் பேசினால் சென்னைக் கடற்கரையில் இறங்கிக் கடலடிக் கேபிளில் போகிறது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கேபிள் 2002-இலேயே வந்துவிட்டது. வானத்துக்கும் உங்கள் பேச்சுக்கும் சம்பந்தம் இல்லை.

"மேகம் மூடினா சிக்னல் போயிடுதே, அப்ப அது சாட்டிலைட்தானே?" என்று பள்ளத்தூரில் ஓர் ஆச்சி மடக்கினார். செல்போன் அலையை மழை பெரிதாக ஒன்றும் செய்யாது. மழை வந்தால் கரண்ட் போகிறது. கரண்ட் வர நேரமானால் டவர் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. குற்றவாளி மேகம் இல்லை, மின்கம்பி.

உங்கள் போனில் விண்வெளியிலிருந்து வருவது ஒன்றே ஒன்று, வழிகாட்டும் மேப்புக்கான நேரக்குறிப்பு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்புகின்றன. நமது நாவிக் செயற்கைக்கோள்களும் உண்டு. போன் அதைக் கேட்டுக்கொள்ளும், திருப்பி எதுவும் அனுப்பாது. கோயில் ஒலிபெருக்கியை வீட்டிலிருந்து கேட்கிற மாதிரிதான்.

அப்புறம் எதுக்கு இவ்வளவு செலவு பண்ணி சாட்டிலைட் விடுறாங்க?

ஒரே செய்தியை ஒரே நேரத்தில் நாடு முழுக்கக் கொட்டுவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. டிவிக்கு அது பொருத்தம். கம்பி போக முடியாத இடத்துக்கும் பொருத்தம். நடுக்கடல் கப்பல், மலை எல்லை, புயலில் டவர் சாய்ந்த ஊர் எல்லாம் அப்படித்தான். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில்தான் வந்தது. அதுவரை அந்தத் தீவுகளுக்குச் செயற்கைக்கோள்தான் கதி.

1981-இல் ஆப்பிள் என்ற சோதனைச் செயற்கைக்கோளை மாட்டுவண்டியில் ஏற்றிச் சோதித்த படம் பலரும் பார்த்திருப்பீர்கள். வண்டியில் உலோகம் இல்லாததால் ஆன்டெனா சோதனைக்கு இடைஞ்சல் இருக்காது என்பதுதான் விஷயம், ஏழ்மை இல்லை. அடுத்து 1982-இல் விட்ட இன்சாட்-1ஏ சில மாதங்களில் செயலிழந்தது. 1983-இல் போன இன்சாட்-1பிதான் நின்று வேலை செய்தது. தூர்தர்ஷன் ஊர் ஊராகப் பரவியது அதன் பிறகு.

அந்தக் காலத்துல அப்பச்சி பினாங்குக்குப் பேசுவாங்க. நாம பேசி முடிச்சு ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் பதில் வரும். அது ஏன்?

ஒரு நிமிஷம் இல்லை, அரை நொடி. ஆனால் பேச்சில் அரை நொடி மௌனம் ரொம்ப நீளம். அன்றைக்கு வெளிநாட்டு அழைப்புகள் நிறையச் செயற்கைக்கோள் வழியாகப் போயின. மகாராஷ்டிரத்தின் ஆர்வியில் 1971-இல் வந்ததுதான் அதற்கான முதல் பெரிய தரைநிலையம். செயற்கைக்கோள் பூமியோடு ஒத்துச் சுற்றி ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிய வேண்டுமானால் அது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் குரல் ஏறி இறங்கக் கால் நொடி, பதில் ஏறி இறங்கக் கால் நொடி. ஒளியின் வேகத்துக்கு மேல் யாராலும் போக முடியாது. அதனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல நீங்க சொல்லுங்க" என்றே காசு கரையும்.

அப்படிப்பட்ட மூன்று செயற்கைக்கோள்கள் இருந்தால் உலகத்துக்கே போதும் என்று 1945-இல் எழுதியவர் அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க். அவர் 1956-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து கடைசிவரை அங்கேயே இருந்தார். கொழும்பு செட்டியார் தெருவில் நம்மவர்கள் கடை வைத்திருந்த அதே ஊர் என்பது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

எங்க வீட்டு முகப்புல டிஷ் தெரியக்கூடாது. மறைவா எங்கயாச்சும் வைக்க முடியுமா?

முடியும். நல்ல இடம் உங்கள் வீட்டு நடுவிலேயே இருக்கிறது. காரைக்குடி நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 பாகை (டிகிரி) வடக்கில் இருக்கிறது. நிலநடுக்கோடு நமக்குப் பக்கம் என்பதால் செயற்கைக்கோள் நமக்குக் கிட்டத்தட்ட உச்சிக்கு மேலே நிற்கும். டெல்லிக்காரருக்கு இப்படி இல்லை, அவர் நன்றாகச் சாய்த்துத் தெற்கே பார்க்க வேண்டும். 83 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேல் நிற்கும் செயற்கைக்கோளுக்கு நம் ஊரில் ஏற்றக்கோணம் (அடிவானத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும் கோணம்) சுமார் 77 பாகை. டிடி ஃப்ரீ டிஷ் வரும் 93.5 பாகைக்குத் தென்கிழக்கில் சுமார் 69.

இதைக் கணக்காக்கினால், தெற்கே 20 அடி உயரச் சுவர் இருந்தாலும் அதிலிருந்து 5 அடி தள்ளி வைத்தால் முதல் செயற்கைக்கோள் தெரியும். இரண்டாவதற்கு எட்டடி. அதாவது வளவின் திறந்த முற்றத்திலேயே, வடமேற்கு மூலையில், தரையில் வைக்கலாம். கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் மழைநீர் விழும் அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். வாசலிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. முற்றத்துக்குக் கம்பி வலை போட்டிருந்தால் மட்டும் அதற்கு நேர் கீழே வைக்காதீர்கள்.

இன்னொன்று, டிஷ் எங்கோ பனைமரத்தைப் பார்க்கிறதே என்று நீங்களாக நிமிர்த்திவிடாதீர்கள். அலை வாங்கும் தலைப்பகுதி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும் வகை அது. தட்டு பார்க்கும் திசைக்கும் உண்மையான திசைக்கும் இருபது பாகைக்கு மேல் வித்தியாசம் உண்டு.

மழை பேஞ்சா டிவி நின்னுடுது. கேபிள்காரர் வச்சிருந்த பெரிய வலை டிஷ்ஷுல அப்படி ஆகாதே?

அந்தப் பெரிய டிஷ் சி பேண்ட் என்ற அலைவரிசையில் வேலை செய்தது, சுமார் 4 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் ஏழெட்டு சென்டிமீட்டர். மழைத்துளிக்கு அது பெரிய ஆள், கண்டுகொள்ளாமல் போய்விடும். வீட்டு டிஷ் கேயு பேண்ட், 11 கிகாஹெர்ட்ஸுக்கு மேல். அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான், கனமழையின் துளிகள் அதை விழுங்கிவிடும். இரண்டடித் தட்டு வைத்து டிவி பார்க்க முடிகிறதே, அதற்கான விலை இது. பெரிய தட்டு போட்டால் கொஞ்சம் தாங்கும். புயல் மழைக்குப் பத்து நிமிஷம் பொறுப்பதுதான் மருந்து.

மழையே இல்ல, நல்ல வெயில்ல நின்னுச்சு. ரெண்டு மூணு நாள் அதே நேரத்துக்கு.

பங்குனித் தொடக்கமா, புரட்டாசியா? அப்படியென்றால் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது. சூரியனும் அலை வீசும், அந்த இரைச்சலில் செயற்கைக்கோள் காணாமல் போய்விடும். உச்சிவெயிலை ஒட்டிச் சில நிமிஷம், சில நாள். யாரையும் கூப்பிட வேண்டாம், தானாகச் சரியாகும்.

முன்னாடி படம் புள்ளி புள்ளியா வந்தாலும் பார்த்துக்கிட்டே இருப்போம். இப்ப கட்டம் கட்டமா உறைஞ்சு நின்னுடுது. இதுவா முன்னேற்றம்?

நியாயமான கோபம். உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி, ஒருவர் மாடியில் திருப்ப, ஒருவர் கீழே "வந்திருச்சு, விட்ராத!" என்று கத்த, கொடைக்கானலும் இலங்கை ரூபவாஹினியும் பார்த்த கூட்டம் நாம். கிரிக்கெட் பந்தும் திரைப்புள்ளியும் ஒன்றுபோல இருக்கும், ஆனாலும் பார்ப்போம். அனலாகில் சிக்னல் குறையக் குறையப் படம் மெல்ல மெல்லக் கெடும். முதல் கேள்வியில் சொன்ன பேரேட்டை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். எண் தெரிகிறவரை கணக்கு அப்பழுக்கில்லாமல் இருக்கும், 7-ஆ 1-ஆ என்று தெரியாத அளவு அழிந்துவிட்டால் அந்தப் பக்கமே உதவாது. டிஜிட்டலுக்கு நடுவாந்திரம் கிடையாது. பதிலுக்கு, ஒரு சேனல் போன இடத்தில் பத்துக்கு மேல் சேனல் போகிறது. கேபிளிலும் செட்டாப் பாக்ஸைக் கட்டாயமாக்கியது அதற்காகத்தான்.

கரண்ட் போனா வீட்டு போனும் செத்துப்போகுது. பழைய லேண்ட்லைன் அப்படி இல்லையே?

செம்புக் கம்பியில் பேச்சோடு மின்சாரமும் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. இரண்டு வோல்ட் செல் இருபத்து நான்கை வரிசையாக அடுக்கி 48 வோல்ட். ஊரே இருட்டாக இருந்தாலும் போன் உயிரோடு இருக்கும். மணி அடிக்கும்போது வருவது அதைவிடப் பெரிய மின்னழுத்தம். கம்பத்தின் மேல் நின்று வெறுங்கையால் கம்பியைப் பிடித்திருக்கும் நேரம் பார்த்து உங்களுக்கு யாராவது போன் செய்தால், அந்த உதறல் எங்களுக்குத்தான் தெரியும்.

கண்ணாடி இழையில் ஒளி போகும், மின்சாரம் போகாது. அதனால் உங்கள் வீட்டில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கு நீங்கள்தான் மின்சாரம் தர வேண்டும். அந்தப் பெட்டிக்கென்றே 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது, சில மணி நேரம் ஓடும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்.

பட்டாலையில சுத்துற டயல் போன் இருக்கு. 04565 நம்பரோட அதையே ஃபைபர்ல மாட்ட முடியுமா?

நம்பர் அப்படியே வரும். போனை மாட்டினால் பெரும்பாலும் மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம். கூப்பிடுவதில்தான் சிக்கல். டயல் சுற்றினால் வருவது இரண்டாவது கேள்வியில் சொன்ன விட்டு விட்டு வரும் துடிப்பு. இன்றைய பெட்டிகள் பல அதைக் கவனிப்பதே இல்லை, பட்டன் போனின் இரட்டை ஒலிக்குத்தான் பழகியவை. துடிப்பை ஒலியாக மாற்றும் சின்னக் கருவி உண்டு. அது வேண்டாமென்றால், பேச ஒரு பட்டன் போன், அழகுக்கு அந்தக் கறுப்பு போன். தயவுசெய்து பழைய இரும்புக்காரரிடம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

வைஃபை முகப்புல பிரமாதமா இருக்கு. இரண்டாங்கட்டுல ஒண்ணுமே இல்ல. கம்பெனி ஏமாத்துதா?

ஏமாற்றுவது உங்கள் பாட்டனார் கட்டிய சுவர். சுண்ணாம்பும் செங்கல்லுமாக ஒன்றரை, இரண்டடி கனம். அப்படி மூன்று சுவர் தாண்டினால் அலை மிச்சம் இருக்காது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இன்னும் சீக்கிரம் சோர்ந்துவிடும். திட்டத்தை உயர்த்திக் கூடுதல் பணம் கட்டினாலும் சுவர் மெலியாது. லேன் ஒயரை மச்சு ஓரமாக இழுத்து, கட்டுக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை அலை பரப்பும் பெட்டி) வையுங்கள். வளவு திறந்தவெளி என்பதால் அங்கே ஒன்று வைத்தால் சுற்றியுள்ள அறை வாசல்கள் எல்லாவற்றுக்கும் கிடைக்கும். தேக்குத் தூணில் மட்டும் ஆணி அடிக்கச் சொல்லாதீர்கள், எனக்கு மனசு வராது.

வருஷத்துல பத்து மாசம் வீடு பூட்டியே கிடக்கு. சிங்கப்பூர்ல இருந்து கேமரா பார்க்க சாட்டிலைட் லைன் போடணுமா?

வேண்டாம். ஃபைபர் இருந்தால் ஃபைபர், இல்லையென்றால் 4ஜி சிம் போடும் ரூட்டர். எப்போதும் படத்தை மேலே அனுப்பாமல், உள்ளே மெமரியில் பதிந்து, அசைவு தெரிந்தால் மட்டும் செய்தி அனுப்பும்படி வையுங்கள். நான் பார்த்தவரை பூட்டிய வீட்டில் முதலில் கைவிடுவது இணையம் இல்லை, பேட்டரிதான். இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்க மாட்டார். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மாதம் ஒருமுறை அதைச் செய்யச் சொல்லுங்கள்.

ஸ்டார்லிங்க் வந்தா ஃபைபரை எடுத்துடலாமா?

செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுத்தது. அது பினாங்கு பேச்சில் சொன்ன உயரச் செயற்கைக்கோள் இல்லை. சுமார் 550 கிலோமீட்டரில் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். தாழ்வாக இருப்பதால் அந்த அரை நொடித் தாமதம் இல்லை, வீடியோவில் இயல்பாகப் பேசலாம். ஆனால் ஒன்று போய் ஒன்று வருவதால் அதன் தட்டுக்கு அகலமான திறந்த வானம் வேண்டும். வளவுக்குள் வைக்கும் வித்தை இங்கே பலிக்காது, மேல்மாடிக்குத்தான் போக வேண்டும்.

ஃபைபர் வந்துவிட்ட தெருவில் அதை எடுத்துவிட்டு இதற்கு மாற எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. கம்பமே போகாத தோப்பு வீடு, பண்ணை என்றால் பேச்சு வேறு.

மலேசியாவிலிருந்து வர்ற மச்சான் சாட்டிலைட் போன் வச்சிருக்கார். கொண்டு வரலாமில்ல?

கூடாது. துராயா, இரிடியம் போன்ற போன்களைத் தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவதும் பயன்படுத்துவதும் சட்டப்படி குற்றம். 2008 மும்பைத் தாக்குதலில் அப்படிப்பட்ட போன் பயன்பட்ட பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. தெரியாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் மாட்டிய வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. மலையேறுபவர்கள் பையில் மாட்டும், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவிக்கும் இதே கதிதான். மச்சானிடம் அதை அங்கேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். திருச்சியில் இறங்கியதும் ஒரு சிம் வாங்கிக் கொடுத்தால் போதும். அவர் பேசுவது எந்த வழியில் போகும் என்று மூன்றாவது கேள்வியில் சொல்லிவிட்டேன்.